செவலையின் தாகம்

தண்ணீர்ச் சட்டியைத் தூக்கிக்கொண்டு முருகம்மாள் மறுபடியும் வந்துவிட்டாள்.

மந்திரமூர்த்தி கையை நீட்டி மறித்தான். இன்னும் கொஞ்சம் பொறு, பொழுது சாயட்டும் என்று பெண்டாட்டியிடம் சொன்னான். நாய் நன்றாகத் தவித்தால்தான் காரியம் நடக்கும்.

செவலை வண்டிச் சக்கரத்தில் கட்டுண்டு கிடந்தது. நேற்றுக் காலையிலிருந்து விடாத தும்மல். தும்மும்போதெல்லாம் மூக்கிலிருந்து ரத்தம் தெறித்தது. தலையை உதறும், மூக்கைத் தரையில் தேய்க்கும், வாயோரம் நுரை ஒழுகும். மஞ்சள் கொம்பைச் சுட்டுப் புகை காட்டியாயிற்று. வேப்பெண்ணெய் தடவியாயிற்று. ஒன்றுக்கும் கேட்கவில்லை.

தென்காசி மாட்டாஸ்பத்திரி டாக்டர் மாடுகளுக்கு வந்த கோமாரி நோயைப் பார்க்கக் கீழப்பாவூர்ப் பக்கம் போயிருந்தார். நாளைக்குத்தான் வருவாராம்.

நாளை வரை பொறுக்க அடுத்த வீட்டுப் பலவேசம் தயாராக இல்லை. பிள்ளைகுட்டி நடமாடுகிற தெரு, இது வெறிநாய்தான் என்று அவன் முடிவுகட்டிவிட்டான். விளக்கு வைக்கும் நேரம் வரை கெடு கொடுத்துவிட்டு, உலக்கையைச் சுவரில் சாத்தி, வாசலிலேயே உட்கார்ந்துகொண்டான். அவனைச் சொல்லியும் குற்றமில்லை.

மந்திரமூர்த்திக்கு உள்ளூர ஒரு நம்பிக்கை. தென்காசி ஸ்டேஷனில் இறங்குகிற சீசன் ஆட்களையும் துரைமாரையும் ஏற்றிக்கொண்டு அவன் வண்டி ஐந்தருவிக்குப் போகும். செவலையும் வண்டிக்கடியிலேயே ஓடிவரும். அங்கே ஓடையில் வாய் வைத்திருக்கிறது. அட்டை மூக்குக்குள் ஏறியிருக்க வேண்டும். அவன் காளைக்கே ஒருமுறை இப்படி ஆனதுண்டு. தண்ணீர் காட்டாமல் தவிக்கவிட்டு, பிறகு மூக்குக்கு நேரே சட்டியை வைத்தால், தண்ணீர்க் குளிர்ச்சிக்கு அட்டை தலையை நீட்டும். அந்த நொடியில் பிடித்துவிட வேண்டும்.

அட்டை வந்தால் நாய் பிழைக்கும். வராவிட்டால் உலக்கை.

அவனுக்கு ஆச்சரியமெல்லாம் முருகம்மாளைப் பார்த்துத்தான்.

நாய் என்றாலே அவளுக்கு ஆகாது. கடையத்தில் அவளுடைய அண்ணன் நாய்க்கடியில் போனதிலிருந்து அப்படி. செவலையைக் குட்டியாகத் தூக்கிவந்த அன்று புருஷனோடு பேச்சை நிறுத்தியவள், பொங்கல் வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. இன்றைக்கும் ஒரு கையில் விளக்குமாற்றைப் பிடித்துக்கொண்டுதான் அதற்குச் சோறு வைப்பாள்.

அப்படிப்பட்டவள், காலையில் பலவேசம் உலக்கையோடு வந்தபோது நாய்க்கு முன்னால் போய் நின்றாள். முதலில் என்னை அடி, அப்புறம் நாயை அடி என்றாள். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் இவளைத் தெரிந்துகொள்ளவில்லையே என்று மந்திரமூர்த்தி நினைத்தான்.

அதிலிருந்து அவள் ஓரிடத்தில் நிலைகொள்ளவில்லை. அடுப்பில் சோறு குழைந்தது. வலது கையில் துணிக்கட்டு. பலாப்பழம் அறுக்கையில் அரிவாள்மனை பட்டுவிட்டதாம். அந்தக் கையோடு நாயிடம் வருவாள், பார்ப்பாள், உள்ளே போவாள், செம்பிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிப்பாள், மறுபடியும் வருவாள்.

நாயைத் தவிக்கப் போட்டுவிட்டு நீ செம்பு செம்பாகக் குடிக்கிறாயே, நியாயமா என்று கேலி செய்து பார்த்தான். அவள் சிரிக்கவில்லை.

மேகம் கவிந்து சாரல் விழத் தொடங்கியது. பலவேசம் எழுந்து உலக்கையைக் கையில் எடுத்தான்.

"இப்ப வைங்க," என்றாள் முருகம்மாள். "இதுக்கு மேல என்னால முடியாது."

மந்திரமூர்த்தி சட்டியை வைத்தான். செவலை மூக்கைக் கொண்டுபோனது. தும்மியது. தலையைத் திருப்பிக்கொண்டது.

முருகம்மாள் வண்டியின் நுகத்தடியைப் பிடித்துக்கொண்டாள். பலவேசம் ஓரடி முன்னால் வந்தான்.

நாய் மறுபடி திரும்பியது. இந்தத் தடவை மூக்கு தண்ணீரைத் தொட்டது. இடது மூக்கிலிருந்து கறுப்பாக ஒன்று மெல்ல எட்டிப் பார்த்தது.

சாம்பல் தொட்ட விரல்களால் மந்திரமூர்த்தி அதை இறுக்கிப் பிடித்தான். வழுக்கியது. விடாமல் இழுத்து எறிந்தான். நன்றாக ரத்தம் குடித்துச் சுண்டுவிரல் பருமனுக்கு இருந்தது. பலவேசம் அதை உலக்கையாலேயே நசுக்கினான். இதுக்கா இவ்வளவு கூத்து என்று சொல்லிவிட்டு வீட்டைப் பார்க்கப் போனான்.

முருகம்மாள் அட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாயின் தொண்டையையே பார்த்தாள். அது ஏறி இறங்குவதை, சட்டி காலியாகிற வரைக்கும் பார்த்தாள். பிறகு நின்ற இடத்திலேயே உட்கார்ந்து அழுதாள்.

நாய்மேல் இவ்வளவு பிரியமா என்று நெகிழ்ந்துபோய் மந்திரமூர்த்தி அவள் கையைப் பிடித்தான். சாரலில் நனைந்திருந்த துணிக்கட்டு அவிழ்ந்து விழுந்தது.

அரிவாள்மனை வெட்டினால் ஒரு கோடு விழும். இங்கே மேலே இரண்டு பொத்தல், கீழே இரண்டு பொத்தல்.

"நேத்து சோறு வைக்கையில," என்றாள். "சொல்லியிருந்தா அப்பவே அதை அடிச்சிருப்பிய. அது செத்துட்டா, அதுக்கு வெறியா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

கடைசி நாட்களில் அவள் அண்ணன் தண்ணீரைக் கண்டு அலறியதை அவள் சொல்லி மந்திரமூர்த்தி கேட்டிருக்கிறான். காலையிலிருந்து அவள் செம்பும் கையுமாக அலைந்தது ஏனென்று அப்போதுதான் உறைத்தது.

உள்ளே போய்ச் செம்பை எடுத்துவந்து நீட்டினான்.

வயிறு முட்டிக் கிடக்கிறது, வேண்டாம் என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஒரே ஒரு மடக்கு குடிட்டி," என்றான்.

அவள் வாங்கி வாயில் வைத்தாள். அவன் அவளுடைய தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றான்.