பந்தலுக்குக் கொடுத்த பாய்

"வெள்ளைக்காரன் போனதோட வாக்குச் சுத்தமும் போச்சுலே வேதநாயகம். கேக்கும்போது கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறீக. திருப்பிக் கேட்டா முகத்தைத் திருப்பிக்கிறீக."

விடிந்தும் விடியாத நேரத்தில், வேதநாயகத்தின் வாசலில் நின்று சத்தம் போட்டார் சிலுவைமுத்து.

அந்தோணியார் திருவிழா முடிந்து நேற்றுச் சாயங்காலம்தான் கொடி இறக்கினார்கள். பத்து நாளாகக் கரையேறிக் கிடந்த வத்தைப் படகுகள் எல்லாம் பாய் கட்டிக் கடலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தன. அவர் வத்தை மட்டும் மொட்டை மரமாக நின்றது. பந்தலுக்குக் கூரையாகக் கட்டத் தெருக்காரர்கள் வாங்கிப்போன பாய்களில், அவருடையது மட்டும் திரும்பி வரவில்லை.

"வந்துரும் சித்தப்பா, செத்த உக்காருங்க," என்றான் வேதநாயகம். திருவிழாவை முன்னின்று நடத்தியவன் அவன்தான்.

"உக்காரவா வந்தேன்? இன்னைக்குக் கடலுக்குப் போகலைன்னா நாளைக்கு எதைத் திங்க? அந்தோணியாரு கொண்டாந்து ஊட்டுவாரா?"

அவன் பெண்சாதி மிக்கேலம்மாள் நீராகாரச் செம்போடு வந்தாள். "குடிங்க மாமா. கொல்லையில பாயை மடிச்சுக்கிட்டு இருக்காக."

"வேணாம் தாயி. இன்னைக்கு உன் செம்புல குடிச்சா, நாளைக்கு நீ சொல்றதுக்கெல்லாம் தலையாட்டணும்."

அவர் அப்படித்தான். மனைவி செத்த வீட்டுக்குத் தெருவார் கொடுத்தனுப்பிய சோற்றையே திருப்பி அனுப்பியவர்.

"மடிக்கிறாகளோ, வித்துட்டீகளோ, யாரு கண்டா? வருசா வருசம் கீத்துலதானே பந்தல் போட்டோம். இந்த வருசம் மட்டும் என்ன பாய்ப் பந்தல்?"

"பாக்க அழகா இருந்துச்சுல்ல சித்தப்பா."

"அழகை வச்சு ஆணம் காச்சு, சோத்துல ஊத்தித் திங்கலாம்."

அதற்குள் பக்கத்து வீட்டு யாகப்பம்மாளும் இன்னொருத்தியும் கொல்லையிலிருந்து பாயைத் தூக்கிவந்து போட்டார்கள். சிலுவைமுத்து மணலில் விரித்துப் பார்த்தார். திரும்பின பக்கமெல்லாம் புதுக் காடாத்துணி ஒட்டு.

"ஏலே, இது என்னலே? கொடுக்கும்போது ரெண்டு சின்னக் கிழிசல்தான் இருந்துச்சு. பந்தல் போட்டீகளா, மாட்டைப் பூட்டி இழுத்தீகளா?"

வேதநாயகம் தலையைச் சொறிந்தான். "பந்தக்கால் குத்திக் கிழிஞ்சுபோச்சு சித்தப்பா. தப்புத்தான். அதான் தச்சுட்டோம்."

"கிழியாம என்ன செய்யும்? கிழக்கு மூலையில, காத்து அறையுற எடமாப் பாத்து எம் பாயைக் கட்டுனீக. நான் பாக்கலைன்னு நெனப்பா? அவனவன் பாயி நடுப் பந்தல்ல சொகமாக் கெடந்துச்சு."

ஒரு முனையைக் காலால் மிதித்துக்கொண்டு மறு முனையை வெடுக்கென்று இழுத்தார். தையல் அசையவில்லை. இன்னொரு தடவை இழுத்தார்.

"பொம்பளைக தையலு. கடலுக்குப் போனாத் தெரியும் லெச்சணம்," என்று பாயைச் சுருட்டித் தோளில் ஏற்றினார். "அடுத்த வருசம் அந்தோணியாரே வந்து கேட்டாலும் பாயி கெடையாது, சொல்லிட்டேன்."

யாரையும் நம்பாத நடையோடு, முணுமுணுத்துக்கொண்டே கரைப் பக்கம் போனார்.

"பாத்தியா, கிழிச்ச பேரும் நமக்குத்தான்," என்றான் வேதநாயகம்.

"திட்டிட்டுப் போகட்டும். உசுரோட திரும்பி வந்து திட்டட்டும்," என்றாள் மிக்கேலம்மாள், அவர் முதுகையே பார்த்துக்கொண்டு. "கிழக்கு மூலையில கெடந்தது நம்ம பாயி, அவரு பாயி பந்தல்ல ஏறவே இல்ல, பத்து நாளும் கொல்லையில எங்க ஊசிக்குக் கீழதான் கெடந்துச்சு. நைஞ்சுபோன அந்தப் பாயைத் தச்சுத் தாரோம்னு கேட்டாத் தந்திருப்பாரா? அந்த ஒத்தப் பாயை வாங்கத்தானே தெருப் பாயி அத்தனையையும் அவுத்துப் பந்தல் போட்டோம்."