சாயந்தர வண்டிக்கு மைக் இல்லை

"மைக்ல ஒரு கோளாறும் இல்ல சார். நல்லாத்தான் பேசுது" என்று சொல்லிவிட்டு, மெக்கானிக் பையைத் தூக்கிக்கொண்டு திருப்பதி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.

ஸ்டேஷன் மாஸ்டர் கோவர்த்தனனுக்குச் சுருக்கென்றது. மிஷினில் கோளாறு இல்லை என்றால் கோளாறு யாரிடம்?

நகரிக்கும் ரேணிகுண்டாவுக்கும் நடுவில் இருந்த அந்தச் சின்ன ஸ்டேஷனுக்கு அந்த வருஷம்தான் விடிவு வந்திருந்தது. பிளாட்பாரத்தை நீட்டினார்கள். கூரை போட்டார்கள். டியூப் லைட் எரிந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, தூணுக்குத் தூண் ஒலிபெருக்கி.

வண்டி வருவதை அறிவிக்க கிரேஸ் என்ற பெண்ணைப் போட்டிருந்தார்கள். தண்டவாள வேலையில் இருக்கும்போதே செத்துப்போன இயேசுதாசனின் மகள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

காலை வண்டிகளுக்கெல்லாம் அவள் குரல் தெலுங்கிலும் தமிழிலும் கணீரென்று கேட்கும். சாயந்தரம் திருப்பதி பாசஞ்சர் வரும்போது மட்டும் மைக் வாயைத் திறக்காது.

அப்புறமென்ன, பழைய போர்ட்டர் முனியப்பன்தான் மணியடித்துவிட்டு, "திருப்பதி வண்டி! திருப்பதி வண்டி!" என்று இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கூவிக்கொண்டே ஓடுவார். மைக் வருவதற்கு முன்னால் காலமெல்லாம் அவர் பார்த்த வேலை.

நேற்று புரட்டாசிக் கூட்டம். பிளாட்பாரக் கடைசியில் உட்கார்ந்திருந்த ஒரு குடும்பத்துக்கு அவர் கூவியது கேட்கவில்லை. நகரத் தொடங்கிய வண்டியில் பிள்ளைகளை அள்ளிப் போட்டுக்கொண்டு ஏறினார்கள்.

"தூணெல்லாம் மைக் கட்டிட்டீங்க, பேசறதுக்கு ஒரு நாக்கு கிடைக்கலியா?" என்று ஜன்னல் வழியாகக் கத்திவிட்டுப் போனார் அந்தக் குடும்பத்து ஆள். அதனால்தான் கோவர்த்தனன் மெக்கானிக்கை வரவழைத்தார்.

கிரேஸைக் கூப்பிட்டார்.

"என்னம்மா, மைக் நல்லா இருக்குதாமே?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சாயந்தரமானா எங்க போற? யார்கிட்ட கதை பேசிக்கினு இருக்கே?"

"எங்கேயும் போகல சார். ரூம்லதான் இருக்கேன்."

"அப்போ?"

"நான்தான் சார் ஆஃப் பண்ணி வைக்கிறேன்."

கோவர்த்தனன் எழுந்தே விட்டார். "திமிரா? மேலே எழுதினா உன் வேலை என்ன ஆகும் தெரியுமா?"

கிரேஸின் கண் நிறைந்துவிட்டது.

"முனியப்பன் மாமாவுக்காக சார். மைக் திறந்த அன்னிக்கு எல்லாரும் அதுக்கு மாலை போட்டாங்க. மாமாவை ஒருத்தரும் திரும்பிக்கூடப் பாக்கல. மத்தியானம் பார்சல் ரூம் பின்னால தனியா உக்காந்திருந்தாரு. கொண்டாந்த சோத்தைக்கூட துன்னல. 'இனிமே எனக்கு இன்னாம்மா வேலை?'ன்னு கேட்டாரு."

கோவர்த்தனன் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எங்க நைனா செத்தப்போ கூட இருந்து தூக்கினவரு சார். ஒரு வண்டியாவது அவரு கூவட்டுமேன்னுதான்... நேத்து அந்தப் பிள்ளைங்க ஓடினதைப் பாத்ததும் எனக்கு உயிரே இல்ல. தப்புதான் சார். எனக்கு என்ன தண்டனை வேணாலும் குடுங்க. மாமாவுக்கு மட்டும் இது தெரிய வேணாம்."

எழுதுவதற்காகத் திறந்த பேனாவை அவர் மூடினார். அறிவிப்பு நின்றது தப்பு என்றுதான் புத்தி சொன்னது. மனசு வேறெங்கோ போயிற்று. இத்தனை நாள் முனியப்பன் கூவியதை அவர் காதால் கேட்டாரே தவிர, ஒரு நாள்கூட அந்த மனுஷனைப் பற்றி யோசித்ததில்லை.

"சரி, நீ போம்மா. நான் பாத்துக்கறேன்."

முனியப்பனிடம் ரெண்டு நல்ல வார்த்தை பேசி, கௌரவமாக வேறு ஏதாவது வேலை கொடுத்துவிட்டால் இந்தப் பெண்ணும் தப்பிப்பாள் என்று நினைத்துக்கொண்டே பார்சல் ரூம் பக்கம் நடந்தார்.

முனியப்பன் அண்ணாந்து, உப்புப் போட்ட வெந்நீரால் தொண்டையைக் கொப்பளித்துக்கொண்டிருந்தார். மாஸ்டரைப் பார்த்ததும் துப்பிவிட்டு எழுந்தார்.

"முனியப்பன், உங்க குரல் மாதிரி வருமா! நீங்க கூவினாத்தான் நம்ம ஸ்டேஷனுக்கே களை."

முனியப்பன் சிரிக்கவில்லை. அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார். பேச்சு காற்றாகத்தான் வந்தது.

"சார், மெக்கானிக் வந்துட்டுப் போனாராமே. அந்தப் பொண்ணு மேல எதுவும் எழுதிடாதீங்க சார். காலைல நல்லாத்தான் பேசுது. சாயந்தரம் திருப்பதி கூட்டத்தைப் பாத்தா அதுக்கு பயம் போல கீது, மிஷினை ஓட்ட வரல. போகப் போகக் கத்துக்கும்."

"உங்களுக்குத்தான் கூவறதுன்னா பிடிக்குமே?"

"பிடிக்கறதா! தொண்டையில புண்ணு சார். மைக் திறந்த அன்னிக்கு சோறுகூட முழுங்க முடியல. கத்தவே கூடாதுன்னு டாக்டரு கண்டிச்சிட்டாரு. மைக் வந்ததும் பொழைச்சேன்னு காளஹஸ்திக்குப் போய் சாமி கும்பிட்டுக்கினு வந்தேன்."

தூரத்தில் திருப்பதி பாசஞ்சர் ஊதியது. முனியப்பன் துண்டைக் கழுத்தில் இறுக்கிச் சுற்றிக்கொண்டு மணியை நோக்கி ஓடினார்.

"தகப்பன் இல்லாத பொண்ணு சார். நான் கூவலேன்னா அதுக்கு வேலை போயிடுமே!"