ஏரோவின் முதுகு

"டேய் ஏரோ, படகுல கை வச்சே, கையை உடைச்சிடுவேன்! அந்த முதுகைத் தூக்கிக்கிட்டுப் போய் நாற்காலில உக்காரு."

ஏரிக்கரையில் கவிழ்ந்து கிடந்த பழைய மரப்படகின் மூக்கைப் பிடித்தபடி வெசா கத்தினான். நடுக்கோடைத் திருநாளுக்கு முந்தின மாலை. அன்றிரவு கொளுத்தப்போகும் சொக்கப்பனைக்கு அந்த உளுத்த படகுதான் உச்சி. அதை மேட்டில் ஏற்றியாக வேண்டும்.

"அண்ணே, ஒரு பக்கம் நான் பிடிக்கிறேன். ரெண்டு நிமிஷ வேலை."

"ஆமா, ரெண்டு நிமிஷ வேலை. அப்புறம் கோடை முழுக்கத் தரையில படுத்துக் கூரையைப் பாத்துக்கிட்டுக் கிடப்பே."

நீராவிக் குளியலறையான சவுனாவில் உடம்பில் தட்டிக்கொள்ள இலைக்கட்டு கட்டிக்கொண்டிருந்த கைசா படியிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். கொழுந்தனின் கை படகின் விளிம்பில் இருந்தது. அவனைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினாள். வேண்டாம்.

ஏரோ கையை எடுத்துக்கொண்டான்.

முன்பெல்லாம் கோடை இப்படி இருக்காது. பின்லாந்தின் இரண்டாம் நிலை ஐஸ் ஹாக்கித் தொடரில் ஏரோ தடுப்பாட்டக்காரன். ஆட்டக்காலம் முடிந்து பனி உருகியதும் அண்ணன் வீட்டுக்கு வந்துவிடுவான். கூட்டாளிகள் கண்ணாடி பதித்த உடற்பயிற்சிக் கூடங்களில் வியர்வை சிந்த, இவன் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு சதுப்பில் ஓடுவான். லாரி டயரை இடுப்பில் கட்டி, பனிச்சறுக்கு மேட்டில் இழுத்துக்கொண்டு ஏறுவான்.

பின்னாலேயே இன்னொரு டயரோடு வெசா. மரம் ஏற்றும் லாரி ஓட்டும் அவனுக்கு எந்த அணியிலும் இடம் கிடைத்ததில்லை. ஆனாலும் தம்பியைவிட ஒரு முறையாவது கூடுதலாக மேடேறாமல் சவுனாவுக்குள் நுழைய மாட்டான்.

முதுகு போச்சு என்று ஏரோ படுத்ததோடு எல்லாம் நின்றது. ஓடக் கூடாது, இழுக்கக் கூடாது. நீந்தலாம், படுக்கலாம். தம்பி இல்லாத மேடு வெசாவுக்கும் கசந்தது. இரண்டு டயரையும் கொட்டகையில் போட்டுவிட்டு, அவனோடு தூண்டில் போட உட்கார்ந்தான். கோடை உழைப்பு இல்லாத ஏரோவின் கால்கள் பனித்தளத்தில் மந்தமாயின. இந்த வசந்தத்தில் அணி அவனை விட்டுவிட்டது.

"அந்தப் பாழாப்போன முதுகு மட்டும் ஒழுங்கா இருந்திருந்தா, இந்நேரம் நீ அணித்தலைவன்டா," என்றான் வெசா.

"இந்நேரம் அடிபட்டுப் பல்லெல்லாம் போயிருக்கும் அண்ணே. இருக்கிற பல்லோட சாசேஜ் தின்னுட்டுப் போறேன் விடு."

வெசா சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "மாத்திக்க முடியும்னா என் முதுகை உனக்குக் குடுத்துடுவேன்டா. லாரி சீட்ல சாயறதுக்கு எனக்கு எது இருந்தா என்ன?"

ஏரோ முகத்தை ஏரிப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"போதும், ரெண்டு பேரும் படகை விடுங்க," என்றாள் கைசா. "வெசா, உன் நெஞ்சைப் பாத்துட்டு டாக்டர் என்ன சொன்னாரு? பளு தூக்காதேன்னாரா இல்லையா? பக்கத்து வீட்டுப் பெந்தியைக் கூப்பிடறேன். டிராக்டரைக் கொண்டுவரட்டும்."

"பெந்தியா! அவன் இழுத்தா அடுத்த நடுக்கோடை வரைக்கும் அதையே சொல்லிக்கிட்டுத் திரிவானே."

"திரியட்டும். காப்பி கொண்டாரேன், பேசாம உக்காரு."

"உத்தரவு மகாராணி."

அதுதான் அவன் அவளிடம் கடைசியாகச் சொன்னது.

பெந்தியிடம் போனில் பேசிவிட்டு, காப்பிக் கெண்டியோடு அவள் வெளியே வந்தபோது படகு பாதி மேட்டில் இருந்தது. அதன் பக்கத்தில், களைத்துப் படுத்தவன் போல, வெசா புல்லில் முகம் பதித்துக் கிடந்தான். சவுனா அடுப்பில் விறகு பிடித்துவிட்டதா என்று பார்த்துவரச் சொல்லித் தம்பியை அனுப்பியிருக்கிறான். முதுகு சரியில்லாதவன் பக்கத்தில் நின்றால் கையைக் கொடுக்காமல் இருக்க மாட்டான் என்று அவனுக்குத் தெரியும்.

அடக்கத்தன்று பெட்டியைத் தூக்க ஆறு பேர் நின்றார்கள். தலைமாட்டுப் பக்கம் நெருங்கிய உறவுக்கு உரியது. அங்கே போய் ஏரோ குனிந்ததும் பெந்தி அவன் தோளைப் பற்றி நிமிர்த்தினான்.

"வேணாம்ப்பா. உன் முதுகு சமாச்சாரம் ஊருக்கே தெரியும். வெசா இருந்திருந்தா உன்னைத் தூக்க விட்டிருப்பானா? நகரு, நான் பிடிக்கிறேன்."

ஏரோ கைசாவைப் பார்த்தான். விலகி வந்து, வெறுங்கையோடு கைசாவின் பக்கத்தில் நடந்தான்.

"சொல்லிடட்டுமா?" என்றாள் அவள், மற்றவர் காதில் விழாதபடி.

"வேணாம் அண்ணி. அண்ணனை ஏமாத்தினோம்னு அவன் பெட்டிக்குப் பின்னாலயே நடந்துக்கிட்டுச் சொல்லணுமா?"

டாக்டர் சொல்லியும் கேட்காமல், 'தம்பி நிறுத்தற அன்னிக்கு நானும் நிறுத்தறேன்' என்று சிரித்த கணவனை அந்தப் பனிச்சறுக்கு மேட்டிலிருந்து இறக்க வேறு வழி தெரியாமல், 'முதுகு போச்சுன்னு ஒரு பொய் சொல்லுடா' என்று இரண்டு கோடைக்கு முன் ஏரோவின் கைகளைப் பிடித்துக் கெஞ்சியவள் அவள்தான்.

அந்த முதுகுக்கு அன்றும் ஒன்றுமில்லை, இன்றும் ஒன்றுமில்லை.