கடலோர உத்தியோகம்

இன்ஸ்பெக்டர் அமர்நாத் தோளிலிருந்த நட்சத்திரங்களைச் சரிசெய்துகொண்டு கேமராவை முறைத்துப் பார்த்தார்.

"சரஸ்வதியம்மாள்தானே? எருத்தேன்பதி? உங்க ஆதார் நம்பர்ல வந்த ஒரு பார்சல் பிடிபட்டிருக்கு. உள்ள போதை மருந்து. இந்த நிமிஷத்துலேர்ந்து நீங்க டிஜிட்டல் அரெஸ்ட்."

செல்போன் திரையில் அறுபது வயது மதிக்கத்தக்க பெண்மணி. பின்னால் புகை படிந்த சமையலறைச் சுவர். "ஐயோ, நானொண்ணும் பண்ணலீங்களே சார்" என்றாள்.

"போனை வைக்கக் கூடாது. வெச்சா வீட்டுக்கே போலீஸ் வரும்."

"நான் வெக்க மாட்டேனுங்க சார். நீங்களும் வெச்சிராதீங்க."

மேஜைக்கு மேலே காக்கிச் சட்டை. மேஜைக்குக் கீழே அழுக்கு அரைக்கால் சட்டை, வெறுங்கால். அவன் பெயர் அமர்நாத் இல்லை, மௌலீஸ்வரன். பெருமாட்டிக்காரன். வயது இருபத்து நாலு.

கேட்டரிங் படித்தவன். கம்போடியாவில் ஒரு கடற்கரை ரிசார்ட்டில் வேலை என்று ஏஜென்ட் சொன்னதில் கடற்கரை மட்டும்தான் உண்மை. ஏழாம் மாடி ஜன்னல் கம்பிகளுக்கு அந்தப் பக்கம் அது தினமும் தெரிந்தது. சுற்றுலா வந்தவர்கள் ரப்பர் படகில் கூச்சல் போட்டுக்கொண்டு போனார்கள். மணலில் உட்கார்ந்து இறால் சுட்டுத் தின்றார்கள். ஐந்து மாதத்தில் அவன் கால் அந்த மணலில் பட்டதில்லை.

பாஸ்போர்ட்டை வந்த அன்றே பிடுங்கிக்கொண்டார்கள். வாசலில் துப்பாக்கியோடு காவல். தினமும் பதினாறு மணி நேரம் போன் பேச வேண்டும். வாரத்துக்கு ஒருவரையாவது ஏமாற்றிக் காட்டாவிட்டால் கீழ்த்தளத்து அறை. அங்கே கரண்ட் ஷாக். மௌலீஸ் ஏற்கெனவே இரண்டு முறை போய் வந்திருந்தான். இந்த வாரம் இன்னும் யாரும் விழவில்லை. இன்று சனிக்கிழமை.

டீம் லீடர் பாண்டி ஹெட்போனில் கேட்டபடி பின்னால் நின்றான். மேலாட்களில் தமிழ் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். "பயந்துடுச்சு. விட்டுடாதே" என்று காதோரம் சொன்னான்.

"வீட்டுல வேற யார் இருக்கா?" என்று மௌலீஸ் மிரட்டினான்.

"ஆருமில்லீங்க சார். ஊட்டுக்காரர் போயி நாலு வருசமாச்சுங்க. நானொருத்திதான்."

மௌலீஸின் அம்மாவும் இப்படித்தான் பேசுவாள். எருத்தேன்பதி அவன் ஊரிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். அவன் பார்வையைத் திரையிலிருந்து எடுத்துவிட்டு மேஜையில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்துப் படித்தான். "உங்க பேங்க் டெபாசிட் பூரா எங்க கணக்குக்கு மாத்தணும். சோதிச்சிட்டுத் திருப்பித் தருவோம்."

"மாத்தறேனுங்க சார். போனைக் கொஞ்சம் திருப்பிக் காட்டுங்களேன். டேசன்ல இன்னும் ஆரெல்லாம் இருக்காங்கன்னு பாக்கோணும்."

சந்தேகப்படுகிறாள். மௌலீஸ் குரலை உயர்த்தினான். "கேள்வியெல்லாம் நாங்கதான் கேப்போம்!"

"செரிங்க சார், செரிங்க. கோவிச்சுக்காதீங்க. பின்னால ஒரு பையன் பேசற சத்தம் கேக்குதே, அதாருங்க?"

இப்படியே நாற்பது நிமிடம் போனது. பாஸ்புக்கைத் தேடினாள். கண்ணாடியைத் தேடினாள். கணக்கு எண்ணைத் தப்பாகப் படித்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். பாண்டி பல்லைக் கடித்தான். ஒரு வழியாக எண் சரியாக வந்தது. இனி அவள் போனுக்கு வரும் ஓடிபி ஒன்றுதான் பாக்கி.

அந்த நேரம் வரிசைக் கோடியில் நாற்காலி விழுந்தது. யாரையோ போட்டு அடித்தார்கள். பாண்டி ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு அங்கே ஓடினான்.

மௌலீஸ் திரையைப் பார்த்தான். சரஸ்வதியம்மாள் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, அவன் தோளுக்குப் பின்னால் எதையோ துழாவிக்கொண்டிருந்தாள். விரலில் சுண்ணாம்போ மாவோ ஒட்டியிருந்தது. இந்த டெபாசிட் போனால் அவளுக்கு வேறு ஒன்றும் இருக்காது.

பேச்சு எல்லாம் பதிவாகும். சாயங்காலம் போட்டுக் கேட்பார்கள். கீழ்த்தளத்து அறையின் ஈர வாடை அவன் தொண்டைக்கு வந்தது.

"அம்மா" என்றான். இன்ஸ்பெக்டரின் குரல் போய்விட்டிருந்தது. "நானு போலீஸ் இல்லீங்க. பெருமாட்டிப் பையனுங்க. எங்கள இங்க அடச்சு வெச்சுப் பேச வெக்கறாங்க. எல்லாம் பொய்யிங்க. ஓடிபி வந்தா சொல்லிராதீங்க. போனை வெச்சிருங்கம்மா."

அவள் வைக்கவில்லை. பதறவும் இல்லை. முகத்தைத் திரைக்கு இன்னும் கிட்டத்தில் கொண்டுவந்தாள்.

"தெரியுங் கண்ணு. மொதல்லயே தெரியும். எட்டு மாசமா இந்த மாதிரி எந்தப் போன் வந்தாலும் நான் எடுத்துப் பேசறேன்."

பாண்டியின் செருப்புச் சத்தம் திரும்பி வந்துகொண்டிருந்தது.

அவள் குரலைத் தணித்து, வேகவேகமாகச் சொன்னாள். "கோகுல்நாத்துன்னு பேரு. அவனையும் ஓட்டல் வேலைன்னுதான் கூட்டிட்டுப் போனாங்க. எம்பட பையன் அங்க இருக்கானா, பாத்துச் சொல்லு சாமி."