பழைய போனின் கேமரா

மனைவி இறந்தபின் நாகராசு ஆலங்குடியில் தனியாகத்தான் இருந்தார். துபாயிலிருந்து மகன் விக்ரம் வாரம் ஒருமுறை வீடியோ காலில் வருவான். “முகமே தெரிய மாட்டேங்குதுப்பா, புதுப் போன் வாங்குங்க” என்றான். அவனை விட்டால் வேறு பேச ஆளில்லாததால், போன் வாங்க அவர் புதுக்கோட்டைக்குப் போனார்.

கடைப்பெண் புதுப் போனில் செல்ஃபி கேமராவைத் திறந்து அவர் கையில் கொடுத்தாள். திரையில் அவர் முகத்தைச் சுற்றி மஞ்சள் கட்டம் ஒன்று விழுந்தது. அவருடைய பழைய போனையும் அவள் அதேபோல் திறந்து காட்டினாள்; அதில் இரண்டு கட்டங்கள் விழுந்தன. இரண்டாவது கட்டம் அவர் தோளுக்குப் பக்கத்தில், வெறும் சுவரின்மேல் இருந்தது.

“கேமரா போயிருச்சுங்கய்யா. ஆளில்லாத எடத்துல மொகம் இருக்குன்னு காட்டுது. மாத்திருங்க.”

நாகராசு ஓரடி தள்ளி நின்றார். அந்தக் கட்டமும் கூடவே வந்தது.

“இந்தப் பழசே இருக்கட்டும்மா” என்று அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் நல்ல கூட்டம். ஆனாலும் அவருக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. கூடையோடு ஏறிய ஒரு பெண் கம்பியைப் பிடித்து நின்றாள்.

“இங்கிட்டு ஒக்காரும்மா” என்றார்.

அவள் அந்த இடத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

“இருக்கட்டுங்க. பாவம், அவுங்களே அசந்து தூங்குறாங்க.”

நாகராசு சத்தம் வராமல் ஜன்னல் பக்கமாகக் கொஞ்சம் ஒதுங்கிக்கொண்டார்.