சீஸ் போட்ட பிஸ்கட்

அப்பா பிஸ்கட்டை முதலில் முகர்ந்தார்.

பிறகு இரண்டாக ஒடித்து, ஒடிந்த இடத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். சீஸ் ஆலையில் தரம் பார்த்தே ஓய்வு பெற்றவர். எதையும் நேராக வாயில் போட மாட்டார்.

அம்மா ஓவன் அருகே கையுறையைக் கழற்றாமல் நின்றாள்.

அக்கா கிரெட்சன் மேஜை முன் உட்கார்ந்திருந்தாள். மிலுவாக்கியிலிருந்து இந்தப் பனியில் காரை ஓட்டிக்கொண்டு அவள் வந்தது பிஸ்கட் தின்ன அல்ல.

போன மாதம் அம்மா அடுப்பை எரியவிட்டுக் கடைக்குப் போய்விட்டாள். அதற்கு முன் ஒரு நாள் வீட்டுக்கு வழி தெரியாமல் சர்ச் வாசலில் நின்றிருந்தாள். மறதி வந்தவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்றில் அக்கா இடம் சொல்லி வைத்திருந்தாள். வேண்டுமா வேண்டாமா என்று திங்கட்கிழமை அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

"அம்மா ஒரே ஒரு வேலையை யார் உதவியும் இல்லாம முடிச்சுக் காட்டட்டும். உன்ன மாதிரி பாதியில விடாம. அப்புறம் நான் அந்த இல்லத்தைப் பத்திப் பேசவே மாட்டேன்," என்று என்னிடம் போனில் சொல்லியிருந்தாள். நான் கல்லூரியை விட்டதை அவள் எதற்கும் இழுப்பாள்.

அம்மா பிஸ்கட் சுடுகிறேன் என்றாள்.

அப்பாவுக்கு நெஞ்சில் ஆபரேஷன் ஆன பிறகு கடை பிஸ்கட் நின்றுபோனது. ஞாயிற்றுக்கிழமை டிவியில் ஃபுட்பால் ஆட்டம் முடிவதற்குள் ஒரு டப்பாவைக் காலி செய்தவர் அவர். அதற்குப் பதிலாக அம்மா கோதுமை மாவில், வெண்ணெயையும் உப்பையும் பாதியாகக் குறைத்து வீட்டிலேயே செய்து தந்தாள். சின்னச் சின்னக் கட்டமாக வெட்டி, ஒவ்வொன்றின் நடுவிலும் குச்சியால் ஒரு குத்து. எல்லாவற்றையும் குறைத்தவள் சீஸை மட்டும் குறைக்கவில்லை. அது இல்லாவிட்டால் மனுஷன் தொட மாட்டார்.

சீஸ் அப்பா வேலை பார்த்த ஆலையிலிருந்து வரும். மிச்சத்தை அவர்தான் மெழுகுத்தாளில் மடித்து வைப்பார். நான்கு மூலையும் உள்ளே போய்விடும். நாங்கள் யாராவது மடித்தால் பிரித்து மறுபடி மடிப்பார்.

நான் இரவு வேலை முடிந்து வந்து படுத்தவன் எழுந்து வந்தபோது தட்டு மேஜைக்கு வந்துவிட்டிருந்தது.

"அம்மாவுக்கு உதவியா கிச்சனுக்குள்ள யாரும் போகலியே?" என்றேன்.

"அப்பாதான். தண்ணி குடிக்கிற சாக்குல நாலு தடவை கிச்சனுக்குப் போயிட்டு வந்தாச்சு. ஒட்டகம் தோத்துச்சு," என்றாள் அக்கா.

அப்பா பிஸ்கட்டை வாயில் போட்டுக் கண்ணை மூடி மென்றார்.

அவர் தரத்தைக் கூட்டிச் சொல்லி யாரும் கேட்டதில்லை. அம்மாவின் கூடப் பிறந்த தம்பி செய்து அனுப்பிய சீஸையே கசக்கிறது என்று திருப்பி அனுப்பினார். மாமா அதற்கப்புறம் கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை.

ஆலையில் மென்று பார்த்துவிட்டுத் துப்பிவிடுவார். இன்று விழுங்கினார்.

"மூணு வருஷம் வெச்ச செடார் சீஸ்," என்றார். "கடைசியில நாக்கு ஓரத்துல லேசா கிள்ளுது. மூணு வருஷத்துக்குக் குறைஞ்ச சீஸ்ல அது வராது."

அம்மா அப்போதுதான் கையுறையைக் கழற்றினாள்.

"கோதுமை மாவுல்ல, அதான் கலர் எடுக்கல," என்றாள்.

"கலரை யார் திங்கப் போறா, ஆர்லீன்."

அக்கா எழுந்தாள். அவளுக்குச் சீஸ் ஆகாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஒரு துண்டு உள்ளே போனால் இரண்டு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடப்பாள். சீஸ்காரர் மகளுக்கா இப்படி என்று ஊரே சிரித்தது. இப்போது பாலையும் விட்டுவிட்டாள். காப்பிக்கு ஓட்ஸ் பால் கொண்டுவந்து ஃப்ரிட்ஜில் வைத்திருந்தாள்.

அதை எடுக்கப் போனவள் திறந்த கதவைப் பிடித்தபடி நின்றாள்.

"என்னடி, உள்ள குடியிருக்கப் போறியா?" என்றார் அப்பா. வாய்தான் சிரித்தது.

அக்கா கதவைச் சாத்திவிட்டு வந்தாள். பாலை எடுத்து வரவில்லை. உட்கார்ந்ததும் தட்டிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் கடித்துவிட்டாள். அப்பாவைப் பார்த்துக்கொண்டே மென்றாள்.

"ஏய், உனக்குச் சீஸ் ஆகாதேடி," என்று அம்மா பதறினாள்.

அதை அவள் மறக்கவில்லை.

"இது ஒத்துக்கும்மா," என்றாள் அக்கா. இன்னொன்றையும் எடுத்தாள். "கொஞ்சம் கட்டிக் குடு. போற வழியில திங்கறேன்."

"வயித்து வலின்னு ராத்திரி எனக்குப் போன் பண்ணாத."

"பண்ண மாட்டேன். அடுத்த ஞாயிறும் வரேன். நீ மாவைப் பிசை, சீஸை நான் துருவிப் போடறேன்."

"துருவுறதுக்கு மட்டும் ஆகுமா உனக்கு?" என்று அம்மா சிரித்தாள். அவள் சிரித்து நாளாகியிருந்தது. பிஸ்கட் கட்ட டப்பா தேடிப் போனாள்.

அப்பா டிவி சத்தத்தைக் கூட்டினார்.

"அப்ப திங்கட்கிழமை?" என்றேன். எனக்குச் சுற்றி வளைத்துக் கேட்கத் தெரியாது.

"காப்பி ஆறுது," என்றாள் அக்கா. "போய்ப் பாலை எடுத்துட்டு வா."

போனேன். ஓட்ஸ் பால் முன்னாலேயே இருந்தது. மேல்தட்டில், அம்மாவுக்குக் கை எட்டாத உயரத்தில், வெள்ளரி ஊறுகாய் ஜாடிகளுக்குப் பின்னால் ஒரு கண்ணாடிக் கிண்ணம். அதன் விளிம்பு வரை, ஆரஞ்சு நிறத்தில், பிஸ்கட்டுக்காக அம்மா துருவிய சீஸ் அப்படியே இருந்தது.

மேலே மெழுகுத்தாள் போட்டு மூடியிருந்தது. நான்கு மூலையும் உள்ளே போயிருந்தன.