நாலு விரல் இடைவெளி

மூன்றாம் மாடி ஜன்னலின் கீலில் வெல்டர் ஒரு சின்ன முக்கோண இரும்புத்துண்டைப் பற்றவைத்து முடிக்கிறார். சூடு ஆறுமுன்பே கதவைத் தள்ளிப் பார்க்கிறார். முக்கோணத்தின் சாய்ந்த விளிம்பு சட்டத்தில் முட்ட, கதவு டக்கென்று நிற்கிறது. நாலு விரல் இடைவெளியில் வெயில் ஒரு கோடாக உள்ளே விழுகிறது. குழந்தையின் தலை நுழையாது. இந்தக் கட்டடத்தில் எல்லா வீட்டுக்கும் இதைப் போட்டுக் கொடுத்தவர், தன் வீட்டுக்கு மட்டும் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தார். போன வாரம் மகள் ஏறி நின்ற முக்காலி ஜன்னலடியில் அப்படியே இருக்கிறது. அதை நகர்த்த யாருக்கும் மனசு வரவில்லை. வாசலில் நிற்கும் மனைவி கேட்கிறாள், “நிக்குதா?” “நிக்குதும்மா.” “இனிமே யாருக்குங்க?” அவர் மறுபடியும் தள்ளுகிறார், இன்னும் பலமாக. நிற்கிறது.